காதல் பற்றி ஆறு வார வகுப்பு: யூத சமூக மையத்தில் என்னதான் நடக்கும்?

கேள்வி இது: "நியூ ஜெர்சியில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து யூத சமூக மையத்தில் 'காதல்' என்ற தலைப்பில் ஆறு வாரம் மாலை வகுப்பு என்று அறிவிப்புப் பார்த்தேன். மத வகுப்பா, கவுன்சலிங்கா, ஜோடி சேர்க்கும் நிகழ்ச்சியா என்றே புரியவில்லை. யூதரல்லாத நான் போகலாமா? போனால் என்ன நடக்கும்?"

போகலாம். சமூக மையங்களின் மாலை வகுப்புகள் பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவானவைதான். 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று போட்டிருக்கவில்லை என்றால் தயங்காமல் பெயர் கொடுத்துவிடுங்கள். நானும் யூதன் இல்லை. எபிரேயம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு மேலாக இந்த மாதிரி வகுப்புகளுக்குப் போய்வருகிறேன். "நீ ஏன் வந்தாய்" என்று ஒருவரும் கேட்டதில்லை. "இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்காமல் ஒருவரும் விட்டதும் இல்லை.

நீங்கள் சொன்ன மூன்றும் இல்லை. ஆசிரியர் நின்றுகொண்டு "காதல் என்றால் என்ன" என்று சொற்பொழிவு ஆற்றுவார் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுப்பார்கள். அதில் இரண்டு மூன்று பழைய பகுதிகள், ஒரு பக்கம் எபிரேயமோ அதன் உறவு மொழியான அரமேயமோ, மறுபக்கம் ஆங்கிலம். பக்கத்தில் இருப்பவரோடு ஜோடியாக உட்கார்ந்து வாய்விட்டு வாசித்து, வரிக்கு வரி சண்டை போட வேண்டும். இந்த ஜோடிப் படிப்புக்கு 'ஹவ்ருதா' என்று பெயர். 'ஹவேர்' என்றால் நண்பன். அதிலிருந்து வந்த சொல். இருபது நிமிடம் கழித்து எல்லாரும் வட்டமாகக் கூடும்போதுதான் ஆசிரியர் வாயைத் திறப்பார். அதுவரை அறை சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருக்கும். அமைதியாக இருந்தால்தான் ஆசிரியருக்குக் கவலை.

சரி, சண்டை போட அந்தத் தாளில் என்ன இருக்கும்?

முதல் வாரம் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள்: 'அஹவா'. தமிழ்க்காரருக்கு இது விசேஷமான வேடிக்கை. நம்மிடம் காதல், அன்பு, பாசம், நேசம், பிரியம், பக்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலமாரி. எபிரேய வேதத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். கடவுளை முழு இதயத்தோடு நேசி என்பதற்கும் அதுதான், பக்கத்தில் இருப்பவனை உன்னைப் போல் நேசி என்பதற்கும் அதுதான். யாக்கோபு ராகேல்மேல் கொண்ட காதலால் ஏழு வருட வேலை சில நாட்களாகத் தோன்றியது என்பதற்கும் அதுதான். கண் மங்கிய கிழவர் ஈசாக்கு "நான் விரும்புகிற மாதிரி ருசியாகச் சமைத்துக் கொண்டுவா" என்று மகனிடம் கறி கேட்கும் இடத்திலும் அதே சொல்! பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மொழிபெயர்த்தவர்கள் கறிக்குப் 'பிரியம்', மனைவிக்கு 'நேசம்', அயலானுக்கு 'அன்பு' என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். காதல் என்ற சொல்லைத் தொடவே பயந்திருக்கிறார்கள். நான் இதைச் சொன்னபோது எங்கள் மேசையில் அரை மணி நேரம் வேறு பேச்சே இல்லை. ஒரே சொல்லாக இருந்தால் நல்லதா, பிரித்து வைப்பது நல்லதா என்று இரண்டு கட்சியாகிவிட்டார்கள்.

அடுத்தது அந்தச் சொல் முதன்முதலில் எங்கே வருகிறது என்பது. யூதப் படிப்பில் இது பழைய உத்தி: ஒரு சொல் தோராவில், அதாவது வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்களில், முதலில் வரும் இடம் அதன் சுபாவத்தைக் காட்டிக்கொடுக்கும். அஹவா முதலில் வருவது ஆதியாகமம் 22இல். "உன் மகனை, உன் ஒரே மகனை, நீ நேசிக்கிற ஈசாக்கை" கொண்டுபோய்ப் பலியிடு என்று ஆபிரகாமுக்குக் கட்டளை. நேசம் என்ற சொல்லே கத்தியோடுதான் உள்ளே வருகிறது. இரண்டாவது முறை அதே ஈசாக்குக்குக் கல்யாணமாகும்போது: ரெபெக்காளை அழைத்துக்கொண்டான், அவள் அவனுக்கு மனைவியானாள், அவளை நேசித்தான். வரிசையைக் கவனியுங்கள். கல்யாணம் முதலில், காதல் அப்புறம். அமெரிக்க இளைஞர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். நாம் சுளிக்க மாட்டோம். அதனாலேயே உங்களைப் பேசச் சொல்வார்கள், தயாராகப் போங்கள்.

இன்னொரு இடம், பலர் கவனிக்காதது. எபிரேய வேதத்தின் கதைகளில் ஒரு பெண் ஓர் ஆணைக் காதலித்தாள் என்று வெளிப்படையாகச் சொல்லப்படுவது ஒருத்தியைப் பற்றி மட்டும்தான்: சவுலின் மகள் மீகாள், தாவீதைக் காதலித்தாள். தாவீது அவளைக் காதலித்தான் என்று எங்கேயும் இல்லை. கடைசியில் அவன் ஆடிப் பாடி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்து மனதுக்குள் இகழ்ந்தாள் என்று முடிகிறது. ரூத்தின் கதையை எல்லாரும் காதல் கதை என்பார்கள். அதில் அஹவா ஒரே ஒரு முறைதான் வருகிறது. ரூத்துக்கும் அவளை மணந்த போவாஸுக்கும் நடுவில் அல்ல. ஊர்ப் பெண்கள் நகோமியிடம் "உன்னை நேசிக்கிற உன் மருமகள் ஏழு மகன்களைவிட மேல்" என்கிறார்கள். மாமியார் மேல் மருமகள் வைத்த நேசம். நம் சீரியல்காரர்கள் பார்க்க வேண்டிய இடம்.

என்னைக் கேட்டால் இந்த வகுப்புகளின் உயிர் தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட விவாதத் தொகுப்பின் கதைகளில்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஆறு வாரத்தில் இது வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

கெத்துபோத் என்ற தல்மூத் பகுதியில் கணவனின் கடமைகளைப் பற்றிய விவாதம். முதலில் மிஷ்னா, அதாவது தல்மூத் எடுத்து விவாதிக்கும் மூலச் சட்டத் தொகுப்பு, ஓர் அட்டவணை போடுகிறது: மனைவியோடு சேர்ந்திருக்க வேண்டிய கணக்கு, தொழில்வாரியாக. வேலை வெட்டி இல்லாதவன் தினமும். கூலித் தொழிலாளி வாரம் இரண்டு முறை. கழுதை ஓட்டி வாரம் ஒரு முறை. ஒட்டகம் ஓட்டுகிறவன் முப்பது நாளைக்கு ஒரு முறை. கடலோடி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இது கணவனின் உரிமைக் கணக்கு இல்லை. அவன் மனைவிக்குத் தர வேண்டிய பாக்கி. இதை வாசித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம். அப்பா சரக்குக் கப்பலில் இருந்தார். ஒப்பந்தம் ஒன்பது மாதம், சில தடவை பதினொன்று. "அப்படியானால் உன் அப்பா மூன்று மாதம் பாக்கி" என்றார் எனக்கு ஜோடியாக உட்கார்ந்திருந்த முதியவர், கண் சிமிட்டாமல்.

பிறகு படிக்கப் போகும் மாணவர்கள் எத்தனை நாள் வீட்டைவிட்டு இருக்கலாம் என்று பேச்சு நீள்கிறது. அங்கே கதை வருகிறது. ரவ் ரஹூமி என்பவர் மஹோஸா ஊரில் ரவாவின் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஒரு முறை, யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு விரத நாளுக்கு முந்தைய நாள் மட்டும், வீட்டுக்கு வருவது வழக்கம். ஒரு வருடம் பாடம் அவரை இழுத்துக்கொண்டது. மனைவி வழி பார்த்திருந்தாள். "இதோ வருகிறார், இதோ வருகிறார்." வரவில்லை. மனம் நொந்தது, கண்ணிலிருந்து ஒரு துளி விழுந்தது. அவர் அந்நேரம் ஒரு கூரைமேல் உட்கார்ந்திருந்தார். கூரை அவருக்கு அடியில் சரிந்தது, இறந்தார்.

அவ்வளவுதான் கதை. மூலத்தில் மூன்று நான்கு வரி. தீர்ப்பு, விளக்கம், நீதி ஒன்றும் இல்லை. அடுத்த வரியில் தல்மூத் தன் சட்ட விவாதத்துக்குத் திரும்பிவிடுகிறது. இப்போது பாருங்கள்: ரஹூமி என்ற பெயரே அரமேயத்தில் அன்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. மனைவிக்கு மூலம் பெயரே தரவில்லை. அவள் சாபம் விடவில்லை, ஒரு துளி மட்டும்தான் விழுந்தது. கண்ணீர்த் துளியும் கூரையும் ஒன்றாக விழுகின்றன. படிப்பு அங்கே கிட்டத்தட்ட இன்னொரு பெண். "பாடம் இழுத்துக்கொண்டது" என்ற சொல்லில் அது தெரிகிறது. எங்கள் வகுப்பில் ஓர் அம்மாள் கேட்டார்: "பதினோரு மாதமும் முப்பது நாளும் பொறுத்தவள், கடைசி ஒரு நாளில் ஏன் உடைந்தாள்?" அதற்கு இன்னொருவர் சொன்னார்: "மற்ற நாளெல்லாம் அவள் எதிர்பார்க்கவில்லையே." அதன்பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எதிர்பார்க்க உரிமை உள்ள அந்த ஒரு நாள்தான் வலிக்கும் என்பதை அங்கே இருந்த எல்லாரும் எப்போதோ அறிந்திருந்தார்கள்.

இந்தக் கதை வகுப்பறையைத் தாண்டியும் போயிருக்கிறது. ரூத் கால்டெரோன் என்ற தல்மூத் அறிஞர், டெல் அவீவில் 'அல்மா' என்ற கல்வி இல்லத்தைத் தொடங்கியவர், மதச்சார்பற்ற பெண். 2013 பிப்ரவரியில் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் அவருடைய கன்னிப் பேச்சு. தல்மூத் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைத்தான் பாடம் எடுத்தார். தீவிர மதவாதக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் அப்போது அவைத்தலைவர் நாற்காலியில் இருந்தார். நடுவில் அவரே குறுக்கிட்டு, ரஹூமி என்ற பெயரின் வேர்ச்சொல்லில் எழுத்துகளைக் கூட்டினால் வரும் எண் மதிப்பைப் பற்றி ஒரு குறிப்புச் சொன்னார். இவர் நன்றி சொல்லித் தொடர்ந்தார். ரஹூமியும் மனைவியும் இருவருமே தாங்கள்தான் வீட்டைத் தாங்குவதாக நினைத்தார்கள், இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று அதை நாட்டு அரசியலுக்குக் கொண்டுவந்தார். அந்தக் காணொளி பெரிதாகப் பரவியது. நூற்றாண்டுகளாக ஆண்களின் பாடசாலைக்குள் இருந்த கதையை ஒரு பெண் சபையில் வாசித்ததும் அதற்குக் காரணம்.

உன்னதப்பாட்டு கண்டிப்பாக ஒரு வாரம் வரும். எட்டு அதிகாரம், கடவுள் பெயர் ஏறக்குறைய இல்லவே இல்லை, முழுக்கவும் ஒரு பெண்ணும் ஆணும் ஒருவரை ஒருவர் தேடுவது. இது எப்படி வேதத்தில் இடம்பிடித்தது? மிஷ்னாவில் அந்தச் சர்ச்சையே பதிவாகியிருக்கிறது. "எல்லா எழுத்தும் பரிசுத்தம், உன்னதப்பாட்டு பரிசுத்தங்களில் பரிசுத்தம்" என்று அடித்துச் சொன்னவர் ரபி (யூத ஆசான்) அகிவா. அதே அகிவாதான் விருந்துக் கூடங்களில் அதை ராகம் போட்டுப் பாடுகிறவனுக்கு மறுமையில் பங்கில்லை என்றும் சொன்னார். ஆக, மக்கள் அதைச் சாதாரணக் காதல் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பது அவர் கோபத்திலேயே தெரிகிறது.

இங்கே உங்களுக்கு ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹைம் ராபின், 1973இல் ஒரு கட்டுரையில், உன்னதப்பாட்டுக்கும் சங்க அகப்பாடல்களுக்கும் உறவு இருக்கலாம் என்று வாதாடினார். பெண்ணின் குரல் ஓங்கி ஒலிப்பது, பிரிவில் ஏங்குவது, மனநிலையை நிலமும் செடியும் பேசுவது, இவை அக்கம்பக்கத்து நாட்டுக் காதல் பாட்டுகளைவிடத் தமிழுக்கு நெருக்கம் என்றார். வணிகக் கப்பல்கள் வழியாகப் போயிருக்கும் என்பது அவர் ஊகம். காலக்கணக்கு இடிக்கிறது என்று பெரும்பாலான அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பாட்டின் நான்காம் அதிகாரத்தில் வாசனைப் பட்டியலில் வரும் 'அஹலோத்' நம் அகில் என்பதைப் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். சாலொமோன் அரசனின் கப்பலில் வந்த 'துக்கியிம்' (மயில்கள்) நம் தோகை என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வகுப்பில் அகிலைச் சொல்லுங்கள். குறுந்தொகையிலிருந்து ஒரு பாட்டை மொழிபெயர்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. சங்கம்தான் மூலம் என்று மட்டும் மார்தட்டாதீர்கள், அது எடுபடாது.

இனி கலை நிகழ்ச்சிகள். வகுப்பை ஒட்டிப் பாட்டுக் கச்சேரி, நடனம், சமையல், திருமண ஒப்பந்தம் வரையும் பட்டறை என்று ஏதாவது வைப்பார்கள். பட்டறை கிடைத்தால் விடாதீர்கள். 'கெத்துபா' என்ற அந்த ஒப்பந்தத்தைச் சுற்றிலும் மாதுளையும் பறவையுமாக அத்தனை அழகாக வரைவார்கள். நடுவில் உள்ள மரபான அரமேய வாசகத்தைப் பெயர்த்துப் பார்த்தால் காதல் என்ற பேச்சே கிடையாது. உனக்காக உழைப்பேன், உன்னை மதிப்பேன், சோறு போடுவேன், தாங்குவேன்; விட்டுப் போனால் இருநூறு ஸூஸ் (பழைய வெள்ளிக்காசு) தருவேன். கணக்கு வழக்கு. காதல் வருவது மணமேடையில் ஓதும் ஏழு ஆசிகளில் கடைசியில். அங்கேயும் மகிழ்ச்சி, பாட்டு, தோழமை, சமாதானம் என்ற நீண்ட பட்டியலில் ஒன்றாக. இதை வறட்சி என்பவர்கள் உண்டு. எனக்கு என்னவோ, கோபத்தில் இருக்கும்போதும் செய்ய முடிகிற காரியங்களை மட்டும் எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று படுகிறது.

கோடையில் 'து பெஅவ்' வரும், அவ் மாதம் பதினைந்தாம் நாள், பௌர்ணமி. இன்றைய இஸ்ரேலில் பூக்கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டமான காதலர் தினம். மிஷ்னாவில் உள்ள பழைய வடிவம் அதைவிட நேர்த்தி. ஜெருசலேம் பெண்கள் வெள்ளை உடுத்தித் திராட்சைத் தோட்டத்தில் ஆடப் போவார்கள். எல்லாருமே இரவல் உடைதான் உடுத்த வேண்டும், இல்லாதவள் வெட்கப்படக் கூடாது என்பதற்காக. அரசன் மகளும் இரவல்தான் வாங்க வேண்டும் என்று தல்மூத் சேர்க்கிறது. ஜெருசலேம் ஆலயம் இடிந்த துக்க நாளுக்குச் சரியாக ஆறு நாள் கழித்து இந்த ஆட்டம்.

பாட்டுக் கச்சேரியில் லடீனோ, யித்திஷ் என்ற யூத மொழிகளின் பாட்டுகள் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் கொச்சி யூதப் பெண்களின் பாட்டுகளும். நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துத் தாயிடமிருந்து மகளுக்குப் போன மலையாளக் கல்யாணப் பாட்டுகள் அவை. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் கூடப் போயின. 2004இல் ஜெருசலேமில் எபிரேய மொழிபெயர்ப்போடு வந்த தொகுப்புக்குப் பெயர் 'கார்குழலி'. அரங்கில் மற்றவர்கள் மொழிபெயர்ப்புத் தாளைப் பார்ப்பார்கள், உங்களுக்குத் தாள் தேவைப்படாது.

பெரியவர்கள் ஏன் இப்படி மாலையில் கூடிப் படிக்கிறார்கள் என்றால், பழைய பழக்கம்தான், புது வடிவத்துக்குக் காரணமானவர்களில் ஒருவர் ஜெர்மன் யூதத் தத்துவவாதி ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக். 1920இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் யூதக் கல்வி இல்லம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். மரபை மறந்துபோன வக்கீல்களும் டாக்டர்களும் தங்கள் வாழ்க்கையிலிருந்து கேள்வியைக் கொண்டுவந்து பிரதிக்குள் போக வேண்டும் என்பது அவர் வழி. இன்னொரு தத்துவவாதி மார்ட்டின் பூபர் 1922இல் அங்கேதான் 'நான்-நீ' உறவு பற்றிய எண்ணங்களைச் சொற்பொழிவுகளாகச் சொல்லிப் பார்த்தார். 1980இல் இங்கிலாந்தில் தொடங்கிய லிம்முட் என்ற யூதக் கல்வித் திருவிழா இன்று பல நாடுகளில் நடக்கிறது. பாடம் எடுப்பவர்களுக்குச் சம்பளம் இல்லை, பெயர்ப்பட்டையில் ரபி, பேராசிரியர் என்ற பட்டமும் இல்லை. ஒரு மணிக்குப் பாடம் எடுத்தவர் இரண்டு மணிக்கு உங்கள் பக்கத்தில் மாணவராக உட்கார்ந்திருப்பார்.

கடைசி வாரத்தில் ரபி யோஹனான், ரேஷ் லாக்கீஷ் என்ற இரண்டு தல்மூத் அறிஞர்களின் கதை வந்தால் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். வழிப்பறிக்காரனாக இருந்தவனைக் கூட்டிவந்து படிக்க வைத்து, தங்கையைக் கட்டிக்கொடுத்து, வாழ்நாள் ஹவ்ருதாவாக்கிக்கொண்டார் யோஹனான். ஒரு நாள் விவாதத்தில் அவன் பழைய தொழிலைக் குத்திப் பேசிவிட்டார். முறிந்தது, ரேஷ் லாக்கீஷ் நோயில் விழுந்து இறந்தான். ஆறுதலுக்கு வேறொரு அறிஞரை அனுப்பினார்கள். அவர் யோஹனான் சொன்னதற்கெல்லாம் "நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது" என்று துணை சேர்த்தார். "எனக்கு ஆதாரம் வேண்டுமா? ரேஷ் லாக்கீஷ் என்றால், நான் ஒன்று சொன்னால் இருபத்துநான்கு மறுப்புச் சொல்வான், நான் இருபத்துநான்கு பதில் சொல்வேன்" என்று உடையைக் கிழித்துக்கொண்டு, "எங்கே இருக்கிறாய்" என்று கதறி அலைந்து, புத்தி பேதலித்து இறந்தார். காதல் வகுப்பில் இந்த நட்பையும் வைப்பார்கள். வாரக்கணக்கில் ஒருவரோடு ஒருவர் வரிக்கு வரி முரண்பட்டபின் அது ஏன் என்று கேட்கத் தோன்றாது.

சில நடைமுறைகள். "பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், அன்பு புதிய ஏற்பாட்டில்தான்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அயலானை நேசி என்பது லேவியராகமம் 19இல் இருக்கிறது. சில வரிகள் தள்ளி அந்நியனையும் அப்படியே நேசி என்றும் இருக்கிறது. அஹவாவின் எழுத்துகளைக் கூட்டினால் பதின்மூன்று, 'ஒன்று' என்ற சொல்லுக்கும் பதின்மூன்று என்று யாராவது சொல்வார். புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுங்கள். சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் நடந்தால் நோட்டும் போனும் வெளியே எடுக்காதீர்கள். வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கும், அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

தின்பண்டம் கொண்டுபோகாதீர்கள். முதல் நாள் நான் வீட்டில் கிண்டிய மைசூர்பாகோடு போனேன். கோஷர் (யூத உணவு விதிப்படியான) சமையலறையில் செய்ததில்லை என்பதால் மேசையில் வைக்க முடியாது என்று வரவேற்பில் இருந்த பெண் சங்கடத்தோடு சொன்னார். டப்பாவைத் தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வகுப்பு முடிந்து திரும்பி வாங்கியபோது மூன்று துண்டு குறைந்திருந்தது.